கொல்வது மருந்தா? வெயிலா?

திண்டுக்கல் மாவட்டத்தில் ஒட்டன்சத்திரம், தொப்பம்பட்டி, ரெட்டியார்சத்திரம், பழனி, வேடசந்தூர் ஆகிய பகுதிகளில் சின்ன வெங்காயம் முக்கியமான பணப்பயிராகும். சித்திரை, வைகாசிப் பட்டத்திலும் ஐப்பசி, கார்த்திகைப் பட்டத்திலும் நடவு நடைபெறுகிறது. வெங்காயத்தின் இலை ஒடுங்கியது; நிமிர்ந்து வளர்வது. கடலையைப் போலவோ தட்டைப்பயறைப் போலவோ நிலத்தை மூடி நிழல் தருவதில்லை. ஆகவே நட்ட பத்தாம் நாளிலிருந்தே சாரணை, கோழிக்கீரை, முள்ளுக்கீரை, குப்பைமேனி போன்ற களைகள் பாரின் இருபுறமும் தலைதூக்கி, பயிருக்குச் சேர வேண்டிய உரத்தையும் நீரையும் உறிஞ்சிக்கொள்கின்றன. கைக்களை எடுக்க ஆள் கிடைப்பதும் அரிதாகிவிட்ட காரணத்தால் பலரும் ஆக்ஸிபுளூர்பென் என்னும் களைக்கொல்லியை நாடுகிறார்கள்.

இம்மருந்து மற்ற நஞ்சுகளைப் போல நேராகச் செடியைக் கொல்வதில்லை. செடிக்குள் ஒரு பொருளைத் தேங்கச் செய்கிறது. தேங்கிய பொருளின்மேல் வெயில் படும்போதுதான் செடி சாகிறது. இந்த ஒரு செய்தியை அறிந்துகொண்டால், எப்போது தெளிப்பது, எதைச் செய்யாமல் இருப்பது என்பனவெல்லாம் தாமே விளங்கும். மலையடிவாரத்தில் மேயும் ஆடு மாடுகளின் தோலிலும் இதே நிகழ்ச்சி வேறு வழியாக நடைபெறுகிறது. இவ்விரண்டையும் விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கம்.

ஒரு விவசாயியின் கேள்வி

சில ஆண்டுகளுக்கு முன் கார்த்திகைப் பட்டத்தில் ஒட்டன்சத்திரம் பக்கத்திலிருந்து ஒரு விவசாயி என்னைத் தேடி வந்தார். அரை ஏக்கரில் வெங்காயம் நட்டிருந்தார். முளைக்குமுன் தெளிக்க வேண்டிய மருந்தை மழையின் காரணமாகத் தெளிக்க இயலவில்லை. பன்னிரண்டாம் நாள், களையும் வெங்காயமும் சேர்ந்து பசுமையாக நிற்கும்போது தெளித்துவிட்டார். அன்று வானம் மூட்டமாக இருந்தது. மறுநாளும் அதற்கு மறுநாளும் வெயில் தலைகாட்டவில்லை. களையோ அப்படியே நின்றது.

"மருந்து போலி என்று நினைத்துவிட்டேன் சார். மூன்றாம் நாள் இரண்டு பங்காகக் கலந்து மறுபடி அடித்தேன். அதற்கடுத்த நாள் நல்ல வெயில். சாயங்காலத்துக்குள் களையும் கருகியது, வெங்காயத் தாளும் வெள்ளை வெள்ளையாக வெந்துபோயிற்று. மூன்று நாள் சும்மா இருந்த மருந்து ஒரே நாளில் எப்படிக் கொன்றது?" என்று கேட்டார்.

அவர் கையில் இருந்த தாள்களில் மருந்து பட்ட இடமெல்லாம் வெளுத்து, நடுவில் முறிந்து தொங்கின. விதை வெங்காயம் வாங்கிய பணமும், பார் பிடித்து நட்ட கூலியும் அவர் மனத்தில் ஓடிக்கொண்டிருந்தன என்பதை முகம் காட்டியது. ஏக்கருக்கு எத்தனை மில்லி என்று நாம் சொல்லிவிடுகிறோம். மருந்து எவ்விதம் வேலை செய்கிறது என்று சொல்வதில்லை. அன்று அவருக்கு அளித்த விடையையே சற்று விரிவாக இங்கே எழுதுகிறேன்.

பச்சையம் உருவாகும் வழி

இலைக்குப் பசுமை நிறம் தருவது பச்சையம். வெயிலைப் பிடித்து உணவு தயாரிக்கும் பொருள் இதுவே. பச்சையத்தைச் செடி ஒரே மூச்சில் செய்துவிடுவதில்லை. ஒரு பொருள் மற்றொன்றாகவும், அது வேறொன்றாகவும் படிப்படியாக மாறி இறுதியில் பச்சையம் கிடைக்கிறது. ஒவ்வொரு படியிலும் ஒரு நொதி நின்று வேலை செய்கிறது.

இந்தப் படிகளில் கடைசிக்குச் சற்று முன்னே வருவது புரோட்டோபார்பிரின் என்னும் பொருள். இதனுடன் மக்னீசியம் சேர்ந்தால் பச்சையம் ஆகும் வழியில் செல்லும். இரும்பு சேர்ந்தால், செடியின் சுவாசத்திற்கு வேண்டிய வேறொரு பொருளாகும். நம் இரத்தத்திற்குச் சிவப்பு நிறம் தருவதும் புரோட்டோபார்பிரினுடன் இரும்பு சேர்ந்த இப்பொருளே. ஆகவே இது செடிக்கும் நமக்கும் பொதுவானது.

புரோட்டோபார்பிரின் வெயிலை ஆவலுடன் விழுங்கும் இயல்புடையது. ஆனால் விழுங்கிய வெயிலை வைத்து உணவு தயாரிக்கும் திறன் அதற்கு இல்லை. பச்சையமும் வெயிலை விழுங்குகிறது. ஆனால் அது பசுங்கணிகம் என்னும் சிறு அறையில், புரதங்களுடன் பிணைக்கப்பட்டு உரிய இடத்தில் இருக்கிறது. அது பிடித்த சக்தி உடனே அடுத்த வேலைக்குக் கைமாற்றப்படுகிறது. புரோட்டோபார்பிரின் தனியே கிடந்தால் சக்தியைக் கைமாற்ற முறையான ஆள் இல்லை. அருகில் இருக்கும் பிராணவாயுவிடம் அதைக் கொடுத்துவிடுகிறது. சாதுவான பிராணவாயு அக்கணமே வெறிபிடித்த பிராணவாயுவாக மாறி, தொட்டதையெல்லாம் சிதைக்கத் தொடங்குகிறது.

இதனால்தான் நல்ல நிலையிலுள்ள செடி புரோட்டோபார்பிரினைத் தேங்கவிடுவதில்லை. உண்டானவுடனே அடுத்த படிக்கு அனுப்பிவிடுகிறது.

மடை அடைபட்டால்

ஆக்ஸிபுளூர்பென் செய்யும் வேலையை வாய்க்கால் பாசனத்தைக் கொண்டு எளிதில் விளக்கலாம்.

மேலே மதகு, நடுவே ஒரு மடை, கீழே வயல். மடையை யாரோ கல்லும் மண்ணும் போட்டு அடைத்துவிட்டார்கள் என்று வைத்துக்கொள்வோம். தண்ணீர் வயலுக்குப் போகாது, வாய்க்காலில் ஏறும். கடைமடை வயல் நிறைந்திருந்தால் "போதும், மதகை மூடு" என்று சேதி போகும். வயலோ காய்ந்து கிடப்பதால் அந்தச் சேதி போகாது. மதகு திறந்தபடியே இருக்கும். கடைசியில் தண்ணீர் கரையை மீறி, வேண்டாத இடத்தில் பாயும்.

செடியினுள்ளும் இதுவே நடைபெறுகிறது. புரோட்டோபார்பிரினை உண்டாக்கும் நொதியை ஆக்ஸிபுளூர்பென் அடைத்துவிடுகிறது. நொதி அடைபட்டால் புரோட்டோபார்பிரின் குறைய வேண்டும் அல்லவா? நடப்பதோ நேர்மாறானது. அதற்கு முந்தைய படியிலுள்ள பொருள் பெருகி, பசுங்கணிகத்தை விட்டு வெளியே கசிகிறது. இறுதிப் பொருள் உண்டாகாததால் "போதும்" என்ற சேதி மேலே போவதில்லை. உற்பத்தி மேலும் மேலும் நடக்கிறது. வெளியே கசிந்த பொருள் அங்குள்ள வேறு நொதிகளால் புரோட்டோபார்பிரினாக மாறிவிடுகிறது. இந்த நொதிகளைக் களைக்கொல்லி அடைப்பதில்லை. ஆக, மிகவும் அபாயமான பொருள், இருக்கக்கூடாத இடத்தில், செல்லின் வெளிச்சவ்வை ஒட்டி, அளவுக்கு மீறிச் சேர்ந்துவிடுகிறது.

இந்நிலையில் வெயில் பட்டால் வெறிபிடித்த பிராணவாயு தோன்றி, கொழுப்பால் ஆன செல் சவ்வை அரித்து ஓட்டையாக்குகிறது. ஓட்டைத் தொட்டியில் தண்ணீர் நில்லாதது போல் செல்லிலுள்ள நீர் வெளியேறுகிறது. முதலில் இலை நீர் கோத்தது போல் தோன்றும், பின் வாடும், ஓரிரு நாளில் வெளுத்தோ பழுப்பேறியோ கருகும். நல்ல வெயில் நாளில் இவையனைத்தும் வேகமாக நடந்து முடியும். மூட்டமான நாளில் பொருள் சேர்ந்துகொண்டே இருக்கும். கொலை மட்டும் தள்ளிப்போகும்.

நம் விவசாயியின் கேள்விக்கு விடை இதுதான். மூன்று நாள் மருந்து சும்மா இருக்கவில்லை. செடிக்குள் வெடிமருந்தைச் சேர்த்துக்கொண்டிருந்தது. வெயில் வந்து தீ வைத்தது.

அறிஞர்கள் கண்டறிந்த வரலாறு

ஒளியால் நஞ்சாகும் பொருள்கள் உண்டு என்பதை முதலில் தெளிவாகக் காட்டியவர் ஜெர்மனியில் மியூனிக் நகரில் பயின்ற ஆஸ்கர் ராப் என்னும் மாணவர். அவர் அக்ரிடின் என்னும் சாயத்தை, கண்ணுக்குத் தெரியாத ஒரு நீர்வாழ் சிற்றுயிரிக்குக் கொடுத்துச் சோதித்துவந்தார். ஒரே அளவு சாயம் கொடுத்தும் உயிரிகள் ஒரு நாள் விரைவில் செத்தன. ஒரு நாள் நெடுநேரம் பிழைத்தன. ஆய்வு அறையில் விழுந்த வெளிச்சத்தின் வேறுபாடே இதற்குக் காரணம் என்று அவர் கண்டார். சாயம் மட்டும் இருந்தாலும், வெளிச்சம் மட்டும் இருந்தாலும் கேடில்லை; இரண்டும் சேர்ந்தால் மரணம். இது 1900-இல் வெளியாயிற்று.

களைக்கொல்லிகளைப் பொறுத்தவரை, ஆக்ஸிபுளூர்பென்னுக்கு மூத்த உறவான நைட்ரோபென் வேலை செய்ய வெளிச்சம் தேவை என்பதை ஜப்பானிய அறிஞர் மட்சுனாகா நெற்பயிரைக் கொண்டு 1969-இல் எடுத்துக் காட்டினார். செடிக்குள் வெயிலைப் பிடித்துக் கொடுக்கும் பொருள் எது என்பது மட்டும் நெடுநாள் புதிராகவே இருந்தது. 1988-இல்தான் பிரான்ஸ் நாட்டு அறிஞர்களான மத்ராஞ்சும் ஸ்கல்லாவும், அது செடியே தயாரித்துத் தேக்கிவைக்கும் புரோட்டோபார்பிரின் என்பதைக் கண்டறிந்தனர். மருந்து புழக்கத்திற்கு வந்து பல ஆண்டுகள் கழித்தே அது வேலை செய்யும் விதம் விளங்கிற்று.

நீங்களே செய்து பார்க்கலாம்

இதை நம்புவதற்கு ஆய்வுக்கூடம் தேவையில்லை. மருந்து தெளிக்கும் நாளில் பயிரில்லாத இடத்தில் அருகருகே உள்ள இரண்டு சிறு சாரணைச் செடிகளைத் தேர்ந்தெடுங்கள். இரண்டின்மேலும் மருந்துக் கரைசல் நன்கு படட்டும். இலை உலர்ந்தபின் ஒன்றன்மேல் மட்டும் மண்சட்டியைக் கவிழ்த்து, விளிம்பைச் சுற்றி மண் அணைத்து, வெளிச்சம் புகாமல் மூடிவிடுங்கள். மறுநாள் மாலை சட்டியைத் தூக்கிப் பார்த்தால் வெயிலில் நின்ற செடி வாடிக் கருகத் தொடங்கியிருக்கும். சட்டிக்குள் இருந்தது பசுமையாக இருக்கும். பிழைத்துவிட்டது என்று எண்ண வேண்டாம். அதை அப்படியே திறந்து விடுங்கள். மறுநாள் வெயில் ஏறியதும் அதுவும் துவண்டுவிடும். ஒரே மருந்து, ஒரே அளவு. வேறுபாடு வெயில் மட்டுமே.

வெங்காயம் தப்புவது எப்படி?

எல்லாச் செடியையும் கொல்லக்கூடிய மருந்து வெங்காயத்தை மட்டும் ஏன் விடுகிறது என்ற ஐயம் எழலாம். வெங்காயம் முழுப் பாதுகாப்புப் பெற்ற பயிர் அன்று. அதற்கு மூன்று கவசங்கள் உண்டு.

முதலாவது, மருந்து தங்கும் இடம். ஆக்ஸிபுளூர்பென் நீரில் மிகக் குறைவாகவே கரையும். மண்ணின் மேற்பரப்பை இறுகப் பற்றிக்கொண்டு மெல்லிய போர்வை போல் நிற்கும், கீழே இறங்காது. களை விதை முளைத்து அந்தப் போர்வையைக் கிழித்து வரும்போது இளங்குருத்தில் மருந்து ஒட்டிக்கொள்கிறது; வெளிச்சத்தைக் கண்டதும் குருத்து கருகுகிறது. வெங்காயத்தின் வேரோ போர்வைக்குக் கீழே இருக்கிறது.

இரண்டாவது, மருந்தின் குணம். பட்ட இடத்தைத்தான் கெடுக்கும். செடிக்குள் ஓடி வேறிடம் செல்வது மிகக் குறைவு. ஆகவே தாளில் பட்டாலும் அடியிலுள்ள குருத்து பெரும்பாலும் தப்பிவிடும்.

மூன்றாவது, தாளின்மேல் உள்ள மெழுகு. முற்றிய தாளில் நீர்த்துளி முத்தாக உருண்டு விழுவதைப் பார்த்திருப்பீர்கள். ஆனால் இளந்தாளில் இந்த மெழுகு குறைவு. தொடர்ந்து மூட்டமும் தூறலுமாக இருந்தாலும் மெழுகு சரிவரப் படியாது. நம் விவசாயி இளந்தாளின்மேல், மூட்டமான நாளில், இரண்டு பங்கு மருந்தை, இரண்டு முறை தெளித்தார். கவசம் இல்லாத நேரத்தில் அம்பு எய்தது போலாயிற்று.

தெளிக்கும் முறை

மேலே சொன்ன விளக்கத்திலிருந்தே தெளிப்பு முறைகள் அனைத்தும் பிறக்கின்றன.

1. காலம்: வெங்காயம் நட்ட மூன்று நாட்களுக்குள், களை முளைக்குமுன் தெளித்தல் வேண்டும். களை முளைத்தபின் தெளித்தால் களையும் பயிரும் சேர்ந்தே நனையும்.

2. அளவு: 23.5 சதம் உள்ள ஆக்ஸிபுளூர்பென் மருந்துக்கு வெங்காயத்தில் அனுமதிக்கப்பட்ட அளவு எக்டருக்கு 425 முதல் 850 மி.லி. வரை. அதாவது ஏக்கருக்கு 170 முதல் 340 மி.லி. மணற்பாங்கான செம்மண்ணில் குறைந்த அளவே போதுமானது. ஏக்கருக்கு 200 மி.லி. மருந்தை 200 லிட்டர் நீரில் கலப்பதாயின், 10 லிட்டர் தெளிப்பானுக்கு 10 மி.லி., 16 லிட்டர் தெளிப்பானுக்கு 16 மி.லி. என்று நினைவில் கொள்ளலாம். மூடியால் அளக்காமல் அளவுக் குவளையால் அளத்தல் நன்று. வாங்கிய குப்பியில் உள்ள சதவீதத்தையும் துண்டுப் பிரசுரத்தையும் படித்துப் பார்த்தபின்னரே கலக்க வேண்டும்.

3. ஈரம்: மண் ஈரமாக இருக்கும்போது தெளித்தால்தான் போர்வை சீராகப் படியும். உயிர்த்தண்ணீர் விட்டு, கால் புதையாத பதம் வந்ததும் தெளிக்கலாம். கட்டிகள் நிறைந்த பாரில் கட்டியின் மறுபுறம் மருந்து படாது. அங்கிருந்து களை புறப்படும்.

4. நடை: தட்டை விசிறி முனையைப் பொருத்தி, பின்னோக்கி நடந்தவாறு தெளிக்க வேண்டும். முன்னோக்கி நடந்தால் போட்ட போர்வையை நாமே மிதித்துக் கிழிப்போம்.

5. கிளறாமை: தெளித்தபின் ஒரு மாதம் வரை மண்ணைக் கிளறக்கூடாது. கொத்திவிட்டால் மருந்து இல்லாத மண் மேலே வந்து களை விதைக்கு வழிவிடும். 30 முதல் 45 நாட்களுக்குள் ஒரு கைக்களை எடுத்தால் போதும்.

6. பொறுமை: சில களைகள் முளைத்து ஓரிரு இலை காட்டியபின்தான் கருகும். வெளிச்சம் பட்டால்தானே மருந்து வேலை செய்யும்? ஆகவே முளையைக் கண்டவுடன் மறு தெளிப்புச் செய்தல் கூடாது. மூட்டம் இருந்தால் வெயில் வரும்வரை காத்திருங்கள்.

7. அண்டைப் பயிர்: காற்று வீசும் நேரத்தில் தெளிக்கக் கூடாது. பக்கத்திலுள்ள மிளகாய், தக்காளி, வெண்டை, அவரை ஆகியவற்றில் சாரல் பட்டால் பட்ட இடமெல்லாம் புள்ளி புள்ளியாக வெந்துபோகும். பலத்த மழை பெய்தால் மண்ணோடு தெறித்துத் தாளில் ஒட்டும் மருந்தும் புள்ளிகளை உண்டாக்கும். இதை நோய் என்று கருதிப் பூசணக்கொல்லி வாங்கிப் பணத்தை விரயம் செய்ய வேண்டாம். மருந்துப் புள்ளி பரவாது. புதிதாக வரும் இலை சுத்தமாக இருக்கும். நோய்ப்புள்ளி நாளுக்கு நாள் பெருகும்.

8. நீர்நிலை: இம்மருந்து மீன் முதலிய நீர்வாழ் உயிர்களுக்குக் கடும் நஞ்சு. தெளிப்பானைக் கிணற்றடியிலோ குளத்திலோ வாய்க்காலிலோ கழுவுதல் கூடாது. கையுறை, முகமூடி அணிந்து கலக்க வேண்டும்.

9. அடுத்த பயிர்: ஏதேனும் காரணத்தால் வெங்காயம் கெட்டு நிலத்தை உழுதுவிட நேர்ந்தால், உடனே கீரையோ கம்பு போன்ற சிறுவிதைப் பயிர்களோ விதைக்க வேண்டாம். மண்ணில் எஞ்சியுள்ள மருந்து அவற்றின் முளையைத் தாக்கக்கூடும்.

கோரைக்கும் அறுகுக்கும் இம்மருந்து பயன்படாது. அவற்றின் கிழங்கும் தண்டும் மண்ணுக்குள் பத்திரமாக இருக்கின்றன. மருந்து அங்கே போவதில்லை, வெயிலும் போவதில்லை. கோடை உழவு செய்து கிழங்குகளைப் பொறுக்குவதே வழி.

தவறு நேர்ந்துவிட்டால்

வெங்காயத் தாள் வெந்துவிட்டால் பதற்றப்பட்டு அடுத்தடுத்து மருந்துகளைத் தெளிக்க வேண்டாம். நடுக்குருத்தைப் பிளந்து பாருங்கள். குருத்து பசுமையாக இருந்தால் பயிர் பிழைக்கும். அளவாக நீர் பாய்ச்சுங்கள், தேங்கவிடாதீர்கள். இரண்டு மூன்று வாரத்தில் புதுத்தாள் எழும். வெந்த தாளின் வழியே இலைக்கருகல் நோய் நுழையக்கூடும் என்பதால் வயலை அடிக்கடி பார்வையிடுங்கள். நான் குறிப்பிட்ட விவசாயியின் பயிரும் தேறிற்று. ஆனால் காய் சிறுத்துப்போனது. இழந்த தாளுக்குச் செடி கொடுத்த விலை அது.

ஆட்டின் தோலிலும் அதே வெயில்

வெங்காய வயலை விட்டுச் சற்று மேற்கே, தெற்கே, கிழக்கே போனால் மலையடிவாரங்கள். சிறுமலை, நத்தம், அய்யலூர், கன்னிவாடிப் பக்கங்களில் ஆடு மாடு மேய்ப்பவர்கள் உண்ணிச்செடியை நன்கு அறிவார்கள். மஞ்சளும் இளஞ்சிவப்புமாகப் பூக்கும் இச்செடி நம் நாட்டுக்குரியதன்று. அமெரிக்க வெப்ப நாடுகளிலிருந்து 19-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் கல்கத்தாத் தாவரவியல் தோட்டத்திற்கு அழகுச் செடியாகக் கொண்டுவரப்பட்டு, பின்னர் நாடெங்கும் காடாக மண்டிவிட்டது.

இதன் இலையைக் கால்நடைகள் சாதாரணமாகத் தொடுவதில்லை. வறட்சியில் வேறு தீவனம் இல்லாதபோதும், இச்செடியை அறியாத புது மாடு, ஆடுகளைச் சந்தையில் வாங்கிவந்து மலையோரம் மேயவிடும்போதும்தான் தின்றுவிடுகின்றன. தின்ற ஓரிரு நாளில் தீனி எடுக்காமல் நிற்கும், சாணம் இறுகும், கண்ணும் வாயின் உட்புறமும் மஞ்சளாகும். பின்னர் காது, மூக்கு, கண்ணிமை, மடி ஆகிய ரோமம் குறைந்த இடங்கள் வீங்கி, வெடித்து, தோல் உரியும். கருப்பும் வெள்ளையுமான மாட்டில் வெள்ளைப் பகுதி மட்டும் உரிந்து, கருப்புப் பகுதி அப்படியே இருப்பதைக் காணலாம். தோல் நோய் என்று எண்ணி வேப்பெண்ணெய் தடவி வெயிலில் கட்டிவைப்பவர்கள் உண்டு. அதைவிடக் கெடுதல் வேறில்லை.

இங்கே நடப்பதைப் பாருங்கள். மாடு தின்னும் பசும்புல்லிலுள்ள பச்சையத்தை இரைப்பையில் வாழும் நுண்ணுயிர்கள் சிதைத்து, பில்லோஎரித்ரின் என்னும் பொருளாக்குகின்றன. வெயிலை விழுங்கும் குணத்தில் இது புரோட்டோபார்பிரினின் பங்காளி. நல்ல நிலையிலுள்ள மாட்டில் ஈரல் இதைப் பித்தநீரில் கலந்து வெளியேற்றிவிடும். உண்ணிச்செடியிலுள்ள லாண்டடின் என்னும் நஞ்சு ஈரலைத் தாக்கிப் பித்தநீரின் வழியை அடைத்துவிடுகிறது. இங்கும் மடை அடைபட்டது. வெளியேற வேண்டிய பொருள் இரத்தத்தில் ஏறித் தோலுக்குப் போய்ச் சேர்கிறது. அங்கே வெயில் பட்டதும் வெறிபிடித்த பிராணவாயு தோன்றித் தோலின் செல்களைக் கொல்கிறது. கருந்தோலில் உள்ள கருமைநிறப் பொருள் வெயிலைத் தடுத்துவிடுவதால் அது தப்புகிறது.

தென் ஆப்பிரிக்காவில் செம்மறி ஆடுகள் மஞ்சள் காமாலையுடன் தலை வீங்கிச் சாகும் ஒரு நோயை ஆராய்ந்த குவின், ரிமிங்டன் ஆகிய அறிஞர்கள், தோலை வேகவைப்பது பில்லோஎரித்ரினே என்பதை 1930-களில் நிலைநாட்டினார்கள். அந்த ஆடுகள் மேய்ந்த செடி வேறொன்றும் அன்று. நம் தரிசுகளில் காலில் குத்தும் நெருஞ்சியே.

ஆகவே இத்தகைய அறிகுறியைக் கண்டவுடன் முதல் வேலை, கால்நடையை இருண்ட கொட்டகைக்கோ அடர்ந்த நிழலுக்கோ மாற்றுவது. வெயில் தணிந்து பொழுது சாய்ந்தபின் மட்டுமே வெளியே விடலாம். இரண்டாவது, உண்ணிச்செடி உள்ள பக்கம் போகவிடாமல் தடுப்பது. பசும்புல்லைக் குறைத்து வைக்கோல் போன்ற உலர்தீவனம் கொடுத்தால் பச்சையத்தின் வரவு குறையும். மூன்றாவது, தாமதியாமல் கால்நடை மருத்துவரை அழைப்பது. 1962 என்ற எண்ணில் நடமாடும் கால்நடை மருத்துவ ஊர்தியையும் அழைக்கலாம். நிழல் தோலைக் காக்குமே தவிர ஈரலைக் காக்காது. தின்ற இலை இரைப்பையில் கிடந்து நஞ்சைத் தொடர்ந்து விட்டுக்கொண்டிருக்கும் என்பதால் மருத்துவம் மிகவும் அவசியம். தோல் புண் ஆறிவிடும். ஈரல் கெட்டால் மாடு மிஞ்சாது.

இதுவே மருந்தாகவும் ஆகும்

கேட்டை விளைக்கும் இக்குணத்தை மருத்துவர்கள் நன்மைக்கும் பயன்படுத்துகிறார்கள். புரோட்டோபார்பிரின் உண்டாகும் பாதையில், மதகடியில் உள்ள முதற்பொருளின் பெயர் அமினோலெவுலினிக் அமிலம். அமெரிக்காவில் இல்லினாய் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ரெபைஸ் என்பவர் இதைச் செடிமேல் தெளித்து, வெயிலால் களையைக் கொல்லும் முறையை 1984-இல் வெளியிட்டார். சில ஆண்டுகளில் இதே பொருளைத் தோலில் தோன்றும் புற்றுநோய்ப் புண்ணின்மேல் பூசி ஒளி பாய்ச்சும் சிகிச்சை வெளிவந்தது. புற்றுநோய்ச் செல்களில் புரோட்டோபார்பிரின் மற்றச் செல்களைவிட அதிகமாகச் சேர்வதால், ஒளி பட்டதும் அவை மடிகின்றன. இச்சிகிச்சை பெற்றவர்கள் சில நாள் வெயில் படாமல் இருக்க வேண்டும் என்று மருத்துவர் கண்டிப்பாகச் சொல்வார். காரணம் என்ன என்பது இப்போது உங்களுக்கே தெரியும்.

முடிவுரை

வயலில் களை, கொட்டகையில் மாடு, மருத்துவமனையில் நோயாளி. மூன்றிடத்திலும் நியதி ஒன்றே. வெயிலைப் பிடிக்கும் பொருள் தன் இடத்தில் இருந்தால் அது உயிர் வளர்க்கும். இடம் தவறித் தேங்கினால் அதே வெயில் உயிரைக் குடிக்கும்.

ஆகவே வெங்காயத்துக்குக் களைக்கொல்லி தெளிக்கும் விவசாயப் பெருமக்கள் வானத்தையும் பார்த்துத் தெளிக்க வேண்டும். களை ஒரு நாளில் சாகவில்லையே என்று மறுமுறை குப்பியைத் திறக்குமுன், இந்த இரண்டு நாளில் வெயில் அடித்ததா என்று கேட்டுக்கொள்ளுங்கள். கால்நடை வளர்ப்போர், தோல் உரியும் மாட்டைக் கண்டால் களிம்பைத் தேடுமுன் நிழலைத் தேடுங்கள். இவ்விரண்டையும் கடைப்பிடித்தால் பயிரையும் கால்நடையையும் காத்துப் பயன் பெறலாம்.